அவர் வைத்துப்போன பேஸ் கிற்றாரும் நான் மாற்றிய குதிரையும்

எங்கள் வீட்டில் தையல் மெசினுக்கு அடுத்தபடியாக மதிப்புள்ள பொருள் ஒரு பேஸ் கிற்றார். அது என் கணவருடையது. சமாதான காலத்தில், 2002க்குப் பின்னர், மன்னார்ப் பக்கத்து இசைக்குழு ஒன்றில் அவர் அதை வாசித்தார். கலியாண வீடுகள், கோவில் திருநாள் இரவுகள், பைலா நிகழ்ச்சிகள் என்று மாதத்தில் நாலைந்து நாட்கள் போய்வருவார். 2006 இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது அவர் விடத்தல்தீவில் எங்களோடு நின்றார். கிற்றார் பேசாலையில் அவருடைய அக்கா வீட்டில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவேயில்லை. 2009 இல் நான் அவரை இழந்தேன். அப்போது மகளுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை.

2011 இல் ஊருக்குத் திரும்பி ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்ட பின்னர், மச்சாள் அந்தக் கிற்றாரை ஒரு பழைய சாரத்தால் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். "இது உன்ரை சாமான், நீயே வைச்சுக்கொள்" என்றாள். நான் அதை அலுமாரிக்கு மேலே வைத்தேன். பத்து வருடம் அது அங்கேதான் கிடந்தது.

பெட்டியை இறக்கியவள் மகள். கோவிலில் பாடகர் குழுவோடு சேர்ந்து ஓகன் வாசித்துப் பழகியவளுக்கு, உயர்தரப் பரீட்சை முடிந்ததும் தகப்பனுடைய கிற்றாரில் மனம் போய்விட்டது. யாரோ சொல்லிக்கொடுக்க, மிச்சத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்து அவளே பழகிக்கொண்டாள். பிழை விரலில் இருக்கவில்லை, கிற்றாரில்தான் இருந்தது. தந்திகள் பலகையிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் உயரத்தில் நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் கொப்புளித்தன. அதைவிட மோசம், கீழ்ப்பக்கத்தில் சுருதி சரியாக இருந்தாலும் மேலே போகப்போக ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் ஏறி ஒலித்தது. ஓகனோடு சேர்ந்தால் காது கூசும். பாடகர் குழுவை நடத்துகிற அண்ணை ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "பிள்ளை, இந்தக் கிற்றாரோடை நத்தாருக்கு வராதேங்கோ" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே மன்னாரிலிருந்து ஒருவர் வந்து அதை 35,000 ரூபாவுக்குக் கேட்டார். என் தையல் மெசினுக்கு மோட்டார் போடவேண்டும், கூரையில் இரண்டு தகடு மாற்றவேண்டும். நான் விற்கத்தான் நினைத்தேன். மகள் அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. "அம்மா, இது ஏன் இப்பிடிக் கத்துது எண்டு ஒருக்காப் பாத்துப்போட்டு வில்லுங்கோ" என்று மட்டும் சொன்னாள். நான் மெசின் திருத்தத் தெரிந்தவள். மெசின் கத்தினால் ஏன் என்று பார்க்காமல் விட்டதில்லை. அவளுக்கு அது தெரியும்.

வீணையைப் பார்த்திருப்பீர்கள். தந்திகள் குடத்தின் மேலே ஒரு மரத்துண்டில் ஏறி நிற்கும். அதைக் குதிரை என்பார்கள். கிற்றாரில் அதே வேலையைச் செய்வதற்குப் பிறிட்ஜ் என்று பெயர். பேஸ் கிற்றாரில் அது இரும்பாலானது. தந்தியின் ஒரு நுனியைப் பிடித்திருப்பதும், தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும், எவ்வளவு நீளம் இருக்கவேண்டும், ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிப்பதும் அதுதான். நாலு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுவையை அதன்மேல் போடுகின்றன. ஒரு ஆளின் பாரம். இரவு பகல் எந்நேரமும்.

எங்கள் கிற்றாரில் இருந்தது மிகச் சாதாரண வகை. வளைத்த இரும்புத் தகடு ஒன்று, அதை உடம்போடு பிடிக்கும் ஐந்து திருகாணிகள், தகட்டின்மேல் நாலு சிறிய உருளைகள். ஒவ்வொரு உருளையும் ஒரு தந்தியைத் தாங்கும். ஆங்கிலத்தில் அதற்குச் சேடில் என்று பெயர், அதாவது சேணம். குதிரைக்குச் சேணம், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு உருளையிலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு நுண்ணிய திருகாணிகள் உண்டு. பின்னாலிருந்து வரும் நீண்ட திருகாணி ஒன்று உருளையை முன்னும் பின்னும் நகர்த்தும்.

இந்த வடிவம் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவரின் பட்டறையிலிருந்து வந்தது. வானொலி திருத்துபவராகத் தொழில் தொடங்கிய அவர் 1951 இல் பிறிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிற்றாரை விற்பனைக்கு விட்டார். முதலில் இரண்டு உருளைகள்தான், உருளைக்கு இரண்டு தந்தி. அப்படியானால் ஒரு தந்தியைச் சரிசெய்தால் மற்றது குழம்பும். 1957 இல் தந்திக்கு ஒன்றாக நாலு உருளை வைத்தார்கள். இன்று உலகில் செய்யப்படும் மலிவான பேஸ் கிற்றார்களில் பெரும்பாலானவை அதே அமைப்பைப் பார்த்துச் செய்தவை. எங்களுடையதும் பெயர் தெரியாத ஒரு நகல்தான்.

திறந்து பார்த்தபோது காரணம் விளங்கிவிட்டது. பேசாலையில் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். உப்புக் காற்று ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தகட்டின் பூச்சு புள்ளி புள்ளியாக வெடித்து உள்ளே கறள் ஏறியிருந்தது. கறள் இரும்பைவிடக் கூடிய இடம் பிடிக்கும், ஆகவே புரிக்குள் ஏறினால் திருகாணி இறுகிவிடும். எட்டு நுண் திருகாணிகளில் ஒன்றுகூட அசையவில்லை. அசையாததால் உயரத்தைக் குறைக்க முடியவில்லை, நீளத்தையும் மாற்ற முடியவில்லை. அவ்வளவுதான் நோய்.

நான் உடனே புதியது வாங்க ஓடவில்லை. தந்திகளைத் தளர்த்திக் கழற்றி (இறுக்கமாக இருக்கும்போது ஒருபோதும் வெட்டவேண்டாம், முகத்தில் அடிக்கும்), பிறிட்ஜை இரண்டு நாட்கள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். பிறகு மெசின் எண்ணெய் விட்டேன். பக்கத்து றேடியோக் கடைத் தம்பியிடம் ஈயம் உருக்கும் கோலை வாங்கி, அதன் சூட்டை ஒவ்வொரு திருகாணித் தலையிலும் பிடித்துப் பார்த்தேன். மூன்று அசைந்தன. இரண்டின் அலன் கீ நுழையும் துவாரம் உருண்டுபோனது. மற்ற மூன்றும் கல்லுப் போல இருந்தன. புரி தின்றுபோன உருளையைச் சுத்தம் செய்தாலும் தந்தியின் அதிர்வில் அது தானாகவே இறங்கிவிடும். மாற்றத்தான் வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். கடையில் ஒருவர் "எல்லாத்துக்கும் பொருந்தும் அக்கா" என்று சொல்ல, அளவு எடுக்காமல் ஒரு மலிவான பிறிட்ஜ் வாங்கினேன். துணி வெட்டுமுன் இரண்டுதரம் அளப்பவள் நான்! வீட்டில் வைத்துப் பார்த்தால் மூன்று துவாரம், அதுவும் வேறு இடத்தில். திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். ஒரு கிழமைக் கூலி போனது.

இரண்டாவதுமுறை தையற்காரியாக வேலை செய்தேன். பழைய பிறிட்ஜை மேசையில் வைத்து, மேலே மெல்லிய தாளை விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். ஐந்து துவாரங்களும் தாளில் விழுந்தன. துவாரத்தின் நடுவிலிருந்து அடுத்த நடுவுக்கு எவ்வளவு, முதல் தந்திக்கும் கடைசித் தந்திக்கும் இடையில் எவ்வளவு, தகட்டின் முன்விளிம்பு எங்கே வருகிறது என்று எல்லாவற்றையும் இரும்பு அடிமட்டத்தால் அளந்து அந்தத் தாளிலேயே எழுதினேன். தந்தியின் மொத்த நீளத்தையும் பார்த்தேன். தலைப்பக்க முளையிலிருந்து 12ஆவது மெட்டு வரை 432 மில்லிமீற்றர் இருந்தது. அதன் இருமடங்கு 864, அதாவது 34 அங்குலம். பேஸுக்கு வழக்கமான அளவு அதுதான். தாளைப் படம் பிடித்துக் கொழும்பில் வேலை செய்யும் மருமகனுக்கு அனுப்பினேன். "இந்த அளவுக்கு வந்தால் மட்டும் வாங்கு, வராட்டி காசைக் கொண்டுவா" என்றேன்.

அவன் தேடிப் பிடித்தது ஜப்பானியத் தயாரிப்பான கோட்டோ 201. பெண்டர் வகைக் கிற்றார்களின் ஐந்து துவாரங்களுக்கும் அப்படியே பொருந்துவது. கையில் எடுத்தபோதே பாரம் தெரிந்தது. தகடு தடிப்பானது, உருளைகளும் பெரியவை, உருளைகள் பக்கவாட்டில் நழுவாதபடி பள்ளம் வெட்டியிருந்தது. விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதத்தில் நான் தைக்கும் பாடசாலைச் சீருடைகளின் கூலியில் பாதி போய்விட்டது. விற்றால் 35,000 வரும் பொருளுக்கு இன்னும் செலவழிக்கிறாயே என்று மச்சாள் பேசினாள். அவள் பேசியதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இவ்வகைப் பாரமான பிறிட்ஜ் 1970களில் அமெரிக்காவில் லியோ குவான் என்ற பெயரில் வந்த 'படாஸ்' மூலம் பிரபலமானது. பாரம் கூடினால் நாதம் நீண்டு நிற்கும், ஓசை தெளியும் என்பார்கள். மாற்றிய பிறகு நான் கேட்டதைச் சொல்கிறேன். நாதம் கொஞ்சம் கூடுதலாக நின்றது போலத்தான் இருந்தது. ஆனால் புதுத் தந்திகளையும் அதே நாளில்தான் போட்டோம். எதனால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஓசைக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர், முதலில் தந்தியை மாற்றிக் கேட்டுவிட்டு யோசிப்பது நல்லது. பழைய பிறிட்ஜின் திருகாணிகள் ஒழுங்காகத் திரும்புமானால் அது நல்ல பிறிட்ஜ்தான்.

இனிப் பொருத்திய கதை. பழைய ஐந்து ஆணிகளில் ஒன்று கழற்றும்போதே உடைந்து மரத்துக்குள் நின்றுவிட்டது. ஊர்த் தச்சர் அதைச் சுற்றித் தோண்டி எடுத்து, கடின மரத்தில் ஒரு முளை செதுக்கிப் பசையோடு அடித்துத் தந்தார். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். மற்றத் துவாரங்களில் இரண்டு தளர்ந்திருந்தன. அவற்றுக்கு மூங்கில் பல்குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்தாலே போதும். பிறகு ஆணியின் தண்டைவிட மெல்லிய துளை போட்டேன். துளையூசியில் ஆழத்துக்கு ஒரு துண்டு ரேப் சுற்றிக்கொண்டால் கூடப் போகாது. ஆணியின் புரியில் சவர்க்காரம் பூசி ஏற்றினால் மரமும் வெடிக்காது, தலையும் உடையாது.

ஆணி இறுக்கமுன் நேர் பார்க்கவேண்டும். நான் தலைப்பக்கத்திலிருந்து இரண்டு ஓரத் தந்திகள் போகும் வழியில் தையல் நூல் கட்டி இழுத்துப் பார்த்தேன். இரண்டு நூல்களும் கழுத்தின் இரு ஓரங்களிலிருந்தும் ஒரே அளவு தள்ளி நின்றால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தால் வாசிக்கும்போது தந்தி ஓரத்தில் வழுக்கி விழும்.

இந்த நூல் பிடிக்கும் வேலையில் முழுக் கவனமும் இருந்ததால் வேறொன்றைக் கோட்டைவிட்டேன். பிறிட்ஜுக்குக் கீழே உடம்புக்குள்ளிருந்து ஒரு மெல்லிய வயர் வரும். அது தகட்டில் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். அதன் வழியாகத்தான் தந்திகளும் அவற்றைத் தொடும் கையும் கிற்றாரின் பூமிக் கம்பியோடு சேர்கின்றன. நான் அதன் நுனியைத் துடைக்காமல், கறளும் பழைய பூச்சும் ஒட்டியபடியே வைத்து மூடிவிட்டேன். அன்று பின்னேரம் கோவிலில் அம்பிளிபயரோடு தொடுத்தபோது "ஙொய்ய்" என்று ஒரே இரைச்சல். தந்தியைத் தொட்டாலும் குறையவில்லை. பாடகர் குழுவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டு ஜாக்கை இழுத்தாள். அந்த இரவு விளக்கு வெளிச்சத்தில் திரும்பக் கழற்றி, வயர் நுனியைச் சுரண்டி, இழைகளை விசிறி போல விரித்து வைத்து இறுக்கினேன். தகட்டின் அடிப்பக்கத்தையும் துணியால் துடைத்தேன். அடுத்தநாள் இரைச்சல் இல்லை.

இன்னொரு தொல்லையும் வந்தது. புதுத் தகடு தடிப்பானது என்றேனே, அதனால் உருளைகளை அடிமட்டும் இறக்கியும் தந்தி உயரமாகவே நின்றது. கழுத்தைப் பிடிக்கும் நாலு ஆணிகளைக் கழற்றி, கழுத்து உட்காரும் குழியில் பிறிட்ஜுக்குக் கிட்டிய ஓரத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்பான மரச்சீவல் ஒன்றை வைத்தேன். கழுத்து சிறிது பின்னுக்குச் சாய, தந்தி கீழே இறங்கியது. பிறகு 17ஆவது மெட்டில் அளந்து, தடித்த தந்தியை 2.4 மில்லிமீற்றரிலும் மெல்லிய தந்தியை 2 மில்லிமீற்றரிலும் நிறுத்தினேன். மகள் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய கொப்புளங்கள் அப்போதும் காயவில்லை.

கடைசியாகச் சுருதி நீளம். இதற்குத்தான் அதிக நேரம் போனது, இதில்தான் எனக்கு அதிக சந்தோசமும். தந்தியை அழுத்தும்போது அது இழுபடும். இலாஸ்ரிக் நாடாவைக் கொஞ்சம் அமத்தினால் விறைப்புக் கூடுவதுபோல, சுருதியும் சற்று ஏறிவிடும். அதனால் தந்திக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம் கொடுக்கவேண்டும், தடித்த தந்திக்கு இன்னும் கூட. 12ஆவது மெட்டின்மேல் விரலை மெதுவாகத் தொட்டுத் தட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். அதே மெட்டை அழுத்தித் தட்டினால் அதே சுரம் வரவேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் உருளையைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னுக்குத் தள்ளவேண்டும். ஒவ்வொரு தடவையும் திரும்பச் சுருதி கூட்டிப் பார்க்கவேண்டும். மகள் கைத்தொலைபேசியின் சுருதி காட்டும் முள்ளைப் பார்க்க, நான் திருப்புளியைத் திருப்பினேன். இரவு பதினொரு மணிக்கு நாலும் சேர்ந்தன. உருளைகள் ஒரே கோட்டில் இல்லாமல் படிக்கட்டுப்போலச் சரிந்து நின்றன. அப்படித்தான் நிற்கவேண்டும்.

பெண்பிள்ளைக்கு ஏன் பேஸ் என்று கேட்பவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் 1935 இல் பிறந்த கரோல் கே என்ற பெண், பிள்ளைகளையும் தாயையும் பார்ப்பதற்காக இரவுகளில் கிற்றார் வாசித்து உழைத்தவர். 1963 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஒலிப்பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அந்த இடத்துக்கு இவரை இருத்தினார்கள். அதற்குப் பிறகு அந்நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக அதிகமாக அழைக்கப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். அவர் பிறிட்ஜுக்குக் கிட்ட தந்திகளின்மேல் ஒரு கம்பளித் துணித்துண்டை வைத்து நாதத்தை அடக்கி வாசிப்பாராம். இதை மகள் படித்துச் சொன்ன உடனே நான் துண்டுத்துணிப் பையைக் கொட்டினேன். ஒரு பழைய கோட்டின் கொலர் உள்துணி சரியாக இருந்தது. பக்திப் பாடல்களுக்கு அந்த அடங்கிய ஓசை நன்றாகவே இருக்கிறது. நாதம் நீளவேண்டும் என்று அவ்வளவு செலவழித்து வாங்கிய பிறிட்ஜுக்கு மேலே துணியை வைத்து அடக்குகிறோம் என்று மருமகன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

2023 நத்தார் இரவு மகள் வாசித்தாள். நான் பின்வரிசையில் இருந்தேன். பாடல்களை விட்டுவிட்டு, இரைச்சல் வருமோ வருமோ என்று முதல் பத்து நிமிடமும் அந்த வயரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். ஓகனுக்குக் கீழே, எல்லோருடைய குரலுக்கும் கீழே, அந்த ஒலி நடந்துகொண்டிருந்தது. அவர் வாசிக்கும்போதும் நான் அப்படித்தான் பின்வரிசையில் இருப்பேன். பூசை முடிந்ததும் அந்த அண்ணை வந்து, "அடுத்த மாதம் ஒரு கலியாண வீடு இருக்கு, பிள்ளையை விடுவியளோ?" என்று கேட்டார். அந்தக் கலியாண வீட்டில் 3,000 ரூபா தந்தார்கள். அதில் 1,000 ரூபாவை அவள் மச்சாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மச்சாள் ஒன்றும் பேசவில்லை.

பழைய பிறிட்ஜை நான் எறியவில்லை. அதன் உருளைகள் அவர் கடைசியாகத் திருகி வைத்த இடத்திலேயே இறுகி நிற்கின்றன. எண்ணெய் தடவி, பொத்தான் வைக்கும் ரின்னுக்குள் வைத்திருக்கிறேன். கூரைத் தகடு மாற்றியாயிற்று. மோட்டார் இன்னும் போடவில்லை.

இப்போது என் மெசினுக்குப் பக்கத்தில் அடம்பனிலிருந்து வந்த வேறொருவருடைய பேஸ் நிற்கிறது. அதன் பிறிட்ஜிலும் ஆறு திருகாணிகள் இறுகியிருக்கின்றன. மூன்றைக் கழற்றிவிட்டேன், தகடு நன்றாகத்தான் இருக்கிறது, புதியது வாங்கத் தேவையில்லை என்று சொல்லியனுப்பினேன். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவார். அதற்குமுன் இரண்டு சட்டைகளுக்குக் கையும் பூட்டவேண்டும்.